பதின்மூன்று புள்ளி ஒன்பது

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஒற்று எங்கே வர வேண்டும், எங்கே வரக்கூடாது என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். பேசவும் எனக்கு வராது. நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வராத இந்த இரண்டில், எழுத்தாவது யார் முகத்தையும் பார்க்காமல் செய்யக்கூடியது என்பதால் எழுதுகிறேன். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமாவை நினைத்தால் முதலில் அவர் முகம் வராது, வலது கைக் கட்டைவிரல்தான் வரும். மாமா என்றால் என் அக்காவின் புருஷன். ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பிரஸ்ஸில் அவர் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்கிக் கோக்கிற வேலை. பதினாறு வயதிலிருந்து அதைத்தான் செய்தார். அந்தக் கட்டைவிரலின் உள்பக்கம் கறுத்து, மழமழவென்று, தேய்ந்த கத்திப்பிடி மாதிரி இருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. "கோயில்ல நன்மை அப்பம் வாங்கப் போனா சாமியாரு என் நாக்க பாக்கறதில்ல, வெரலத்தான் பாக்கறாரு. இன்னா பாவம் பண்ணிட்டு வந்தானோன்னு" என்பார்.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். பிரஸ் கதவு திறப்பதற்கு முன்னாலேயே அவர் வாய் திறந்துவிடும். கல்யாணப் பத்திரிகை கோக்கும்போது, "பொண்ணு பேருக்கே ஒரு வரி பூடுச்சு, கட்டிக்கறவன் அவசரத்துக்கு எப்டி கூப்டுவான்?" என்பார். சாவு நோட்டீசு கோக்கும்போது, "இன்னாபா, செத்தவரு இம்மாம் நல்லவரா? உயிரோட இருக்கசொல்ல யாரும் சொல்லலியே" என்பார். ஆனால் வாய் என்ன பேசினாலும் கை மட்டும் எழுதிக் கொடுத்ததை விட்டு இம்மி நகராது. எழுதிக் கொடுத்த தாளைக் காப்பி என்பார்கள். "காப்பியில பொணம் எழுந்து நடந்துச்சுன்னு இருந்தா, நடந்துச்சுன்னுதான் கோக்கணும். ஒக்கார வைக்கறதுக்கு நம்ம யாரு?" என்பது அவர் வேதம்.

எங்கள் நைனா துறைமுகத்தில் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி மூட்டை தூக்கினவர். அவர் போன பிறகு நான் அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். எனக்குப் பத்தொன்பது வயது. சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது உறுத்தியது. வெளியில் சொல்லவும் வாய் வரவில்லை. மாமாவே புரிந்துகொண்டு என்னையும் பிரஸ்ஸுக்கு அழைத்துப் போனார். அச்சான தாளை மடிப்பது, தைப்பது, அச்சு முடிந்த எழுத்துகளைப் பிரித்து மறுபடி கேஸ் என்கிற மரப்பெட்டியில் அதனதன் குழியில் போடுவது என் வேலை. ஆண்கள் நடுவில் ஒரே பெண். ஒன்றரை வருஷத்தில் அங்கே நான் பேசினதை எண்ணி இரண்டு கல்யாணப் பத்திரிகைக்குள் அச்சடித்துவிடலாம். மிஷின்மேன் என்னை ஊமை என்றே நினைத்துக்கொண்டு, கையால் ஜாடை காட்டிப் பேசினார். நானும் அதுவே சௌகரியமாக இருந்ததால் திருத்தவில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ஈய எழுத்தின் உடம்பிலும் ஒரு பக்கம் கோடு மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். கம்பாசிட்டர் எழுத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துத்தான் நிறுத்துவார். எல்லாப் பள்ளமும் ஒரே பக்கம் பார்த்தால் எல்லா எழுத்தும் நேராக நிற்கிறது என்று அர்த்தம். ஒன்று மட்டும் முதுகைக் காட்டினால் அந்த எழுத்துத் தலைகீழாக நிற்கிறது. பிரஸ்ஸில் சேர்ந்த முதல் நாளே எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் இதுதான். அந்தச் சட்டத்தை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்ததால்தான் என் மாமாவின் வேலை போகப் பார்த்தது.

ஒரு நாள் பௌதிக ஐயா வந்தார். பட்டணத்தில் ஏதோ கல்லூரியில் பாடம் சொல்கிறவர். கோட்டில் சுண்ணாம்புத் தூள், கையில் குடை, கக்கத்தில் ஒரு காகிதக் கட்டு. பேசினாலே புத்தகம் படிக்கிற மாதிரி இருக்கும். மாணவர்களுக்காகத் தமிழிலேயே ஒரு பௌதிகப் புத்தகம் எழுதியிருந்தார். பெரிய பிரஸ்காரர்கள் கணக்கும் குறியுமாக இருப்பதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்களாம். எங்கள் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் மாமாவைப் பார்த்து, "என்னவே, முடியுமா?" என்றார். கல்யாணப் பத்திரிகைக்கும் மாதா திருநாள் நோட்டீசுக்கும் வாங்கி வைத்த எழுத்துகளைத் தவிர எங்களிடம் ஒன்றும் இல்லை. மாமா மார்பை நிமிர்த்தி, "நம்மகிட்ட இல்லாத எழுத்தா? கொண்டா சாமி" என்று காகிதக் கட்டை வாங்கிக்கொண்டார்.

பௌதிக ஐயா போகும்போது சொன்னார்: "இந்நூலில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அது என் முகத்தில் பூசிய கரி." பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து காற்றடித்தால் பவர் ஹவுஸ் கரி பிரஸ்ஸுக்குள் எல்லார் முகத்திலும் விழுகிற இடத்தில் நின்றுகொண்டு இதைச் சொன்னார். மிஷின்மேன் சிரித்ததை நான் பார்த்தேன்.

அந்தப் புத்தகத்தில் ஹைட்ரஜன் அணு என்று ஒரு பாடம். தமிழில் இருந்ததால் நானும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்த அணுவுக்குள் ஒரே ஒரு எலெக்ட்ரான் இருக்கிறதாம். அது நினைத்த இடத்தில் இருக்க முடியாதாம், அதற்கென்று படிகள் உண்டாம். அடிப்படி கழித்தல் 13.6. இரண்டாவது கழித்தல் 3.4. மூன்றாவது கழித்தல் 1.51. நான்காவது கழித்தல் 0.85. மேலே போகப் போகப் பூச்சியம். இதற்கு எலெக்ட்ரான் வோல்ட் என்று ஒரு அளவு. அது என்ன என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் கழித்தல் மட்டும் சட்டென்று புரிந்துவிட்டது. கப்பலின் மேல்தளம் பூச்சியம். எங்கள் நைனா இறங்கி நின்ற அடிவயிறு கழித்தல் பதின்மூன்று புள்ளி ஆறு. அங்கிருந்து மேலே வர எவ்வளவு மூச்சு வாங்கும் என்று நைனா வீட்டுக்கு வந்து உட்காரும்போது பார்த்திருக்கிறேன். மாமாவுக்கும் அவர் வழியில் புரிந்தது. "நம்ம வூட்டு ஏணிதான் பாப்பா. படியில கால வெச்சா நிக்கலாம். ரெண்டு படிக்கு நடுவுல வெச்சா பல்லு பூடும். இத்த சொல்ல ஒரு புக்கா?" என்றார்.

வம்பு அந்த 13.6-இல்தான் இருந்தது. அந்தப் பாடத்தில் எந்தக் கணக்கை எடுத்தாலும் 13.6-இல்தான் ஆரம்பிக்கும். வரிக்கு வரி ஆறு, ஆறு, ஆறு. எங்களிடம் இருந்த ஆறுகள் இரண்டாவது பக்கத்திலேயே தீர்ந்துவிட்டன. மார்பை நிமிர்த்தின மாமா, ஆறு இல்லை என்று எப்படிப் போய்ச் சொல்வார்? எங்கள் பழைய எண்களில் ஆறு தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், ஒன்பது வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். ஒன்பதைத் தலைகீழாக நட்டால் அச்சு அசல் ஆறு. மாமா யாருக்கும் சொல்லாமல் ஏழு ஒன்பதைத் திருப்பி நட்டு வைத்துவிட்டார். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பௌதிக ஐயா மூன்று முறை புரூஃப் பார்த்தார். புரூஃப் என்றால், அச்சடிப்பதற்கு முன் சரிபார்க்க எடுத்துக் கொடுக்கும் தாள். சிவப்பு மையால் வட்டம் வட்டமாகப் போட்டுத் தருவார். கடைசி முறை, "இங்கே வேண்டாத புள்ளி ஒன்று இருக்கிறது, அகற்றுக" என்று ஒரு பெரிய வட்டம். மாமா அரைமணி நேரம் தேடினார். கடைசியில் புரூஃபைத் தூக்கி, பூ என்று ஊதினார். புள்ளி பறந்து போனது. "இது புள்ளி இல்ல ஐயா, கரி. பேசின் பிரிட்ஜிலேர்ந்து வந்துகினே கீது. அத்த போயி அகத்தச் சொல்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பௌதிக ஐயாவுக்குக் காது சிவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாமா அதே தாளில் ஓர் எண்ணின் மேல் விரலை வைத்து, "ஐயா, இந்த கணக்குல ஒரு டவுட்டு" என்று போனார். ஐயா குனிந்துகூடப் பார்க்கவில்லை. "எழுத்தை அடுக்குவது உம் வேலை. அணுவை அடுக்குவது என் வேலை. காப்பியில் உள்ளபடி செய்யும்" என்று கையெழுத்தைப் போட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஐயா வாசல் தாண்டினதும், "இரு நைனா, உன் புக்க இன்னா பண்றேன் பாரு" என்று பிரஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கோபத்தில் சொன்னது. அடுத்த நிமிஷமே டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். போகும்போது என்னிடம், "பாப்பா, வரிக்கு வரி எடம் விடணுமாம், பசங்க மூச்சு வாங்கணுமாம். நடுவுல ஒவ்வொரு ஈயத் தகடு சொருகி, இறுக்கிக் கட்டி வெய்யி" என்றார்.

நான் எழுத்துகளைச் சுற்றிக் கட்டியிருந்த நூலை அவிழ்த்து, வரி வரியாக விலக்கித் தகடு செருகினேன். விலக்கும்போது பள்ளம் தெரியும் இல்லையா? எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழு எழுத்துகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. மாமாவுக்குக் கூடக் கை தவறுகிறதே, நல்ல வேளை என் கண்ணில் பட்டது என்று மாதாவுக்கு நன்றி சொன்னேன். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பள்ளம் பார்த்து, நேராக நட்டேன். ஏழையும். கட்டி முடித்ததும் ரொம்ப சந்தோஷமாக இருந்தது. மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குக் குறை. அதோடு, சொல்வதென்றால் பேச வேண்டும்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டதால் மறுபடி யாரும் புரூஃப் எடுக்கவில்லை. அந்தப் பாடத்தின் எட்டுப் பக்கத்தையும் மிஷினில் ஏற்றி ஐந்நூறு தாள் அடித்துவிட்டார்கள். வழக்கம்போல் ஒரு தாள் பௌதிக ஐயா வீட்டுக்குப் போனது.

மறுநாள் அவர் குடை இல்லாமல் வந்தார். கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "பதின்மூன்று புள்ளி ஒன்பதில் மூன்று புள்ளி நான்கைக் கழித்தால் பத்து புள்ளி இரண்டு எப்படி வரும்?" என்று வாசலிலிருந்தே கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "எனக்கும் தெரியவில்லை! பதினெட்டு முறை போட்டுப் பார்த்தேன். எனக்குத்தான் சித்தம் கலங்கிவிட்டதோ என்று என் மனைவியைக் கூப்பிட்டுக் கழிக்கச் சொன்னேன். அவள் பத்து புள்ளி ஐந்து என்கிறாள். சமையற்காரியைக் கேட்டோம். அவளும் ஐந்து என்கிறாள்!" என்று தாளை மேஜையில் அடித்தார். ஐந்து இடத்தில் 13.6 என்பது 13.9 ஆகியிருந்தது. ஓர் இடத்தில் 0.66 என்பது 0.99 ஆகியிருந்தது.

முதலாளி கையெழுத்துப் போட்ட புரூஃபைத் தேடி எடுத்து வைத்துப் பார்த்தார். அதில் எல்லாம் ஆறு. "புரூஃப்ல ஆறு, அச்சுல ஒன்பது. ராத்திரியோட ராத்திரியா எழுத்து எந்திரிச்சு நடந்துச்சோ?" என்றார். மிஷின்மேன் நல்ல மனுஷன்தான். கெடுதல் நினைக்கத் தெரியாது, நினைக்காமலே செய்துவிடுவார். "அன்னிக்கி கோவத்துல உன் புக்க இன்னா பண்றேன் பாருன்னியே மாமு, அதானா இது?" என்று கேட்டுவிட்டார்.

மாமா, பக்கங்களைக் கிடத்தி வைக்கிற கல்லுக்குப் போனார். கல் மேல் கிடந்த அந்தப் பக்கத்தின் கட்டைத் தளர்த்தி, இடுக்கியால் ஓர் ஒன்பதை வெளியே எடுத்தார். கட்டைவிரலில் வைத்து உருட்டினார். பள்ளம் சரியாக இருந்தது. அது சரியாக இருந்ததுதான் தப்பு. மெல்லத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. அந்தப் பக்கத்தைத் தொட்டவர்கள் அவரும் நானும்தான். அவர் அந்த எழுத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, "கோத்தது நான். தப்பு என்துதான்" என்றார். "வேணும்னு செஞ்சீரா?" என்று முதலாளி கேட்டார். சாவு நோட்டீசுக்குக்கூட வாய் ஓயாத மனுஷன் வாயை மூடிக்கொண்டு நின்றார். சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி.

வீட்டில் அக்கா ஆடித் தீர்த்துவிட்டாள். "ஆறு எது, ஒம்போது எதுன்னு தெரியாத ஆளுக்கா என்னக் கட்டிக் குடுத்தாங்க? எங்க நைனா கண்ணு தெரியாமலா பார்த்தாரு? நாலு புள்ளைங்கள நாலுன்னு எண்றியா, இல்ல அதுலயும் டவுட்டா?" என்று சட்டியும் கரண்டியுமாகக் கத்தினாள். மாமா வஞ்சிரத்தின் முள்ளைப் பொறுமையாக எடுத்துக்கொண்டிருந்தார். அவள் தண்ணீர் பிடிக்கப் போன சமயம் நான் அவர் எதிரில் போய் நின்றேன். அழுகைதான் வந்தது. அவர் ஆறு தீர்ந்துபோன கதையைச் சொல்லிவிட்டு, "நீ செஞ்சது கரீட்டு பாப்பா. பள்ளம் திரும்பியிருந்தா நேரா வெய்யின்னுதானே உனக்கு சொல்லிக் குடுத்துது? எனுக்கு தண்டையார்பேட்டையில வேற பிரஸ்ஸு கெடைக்கும். உன்ன எவன் சேத்துப்பான்? உனக்குத்தான் வாயே இல்லியே, வேலயாவது இருக்கட்டும்" என்றார். அக்கா குடத்தோடு வந்துவிட்டாள். "இன்னா அங்க குசுகுசு?" என்றாள். "ஒண்ணுமில்ல, கொழம்புல உப்பு கம்மின்னு சொல்லிகினு இருக்கேன்" என்று இன்னொரு வசவையும் வாங்கிக்கொண்டார்.

தண்டையார்பேட்டையில் வேலை ஒன்றும் காத்திருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆளைக் கெடுக்க எழுத்தை மாற்றினவன் என்ற பேர், அவர் போய்ச் சேருவதற்குள் தண்டையார்பேட்டை தாண்டித் திருவொற்றியூர் வரை போயிருக்கும்.

சனிக்கிழமை காலை மாமாவுக்கு முன்னாலேயே கிளம்பினேன். வழி நெடுக, "ஐயா, அதைச் செய்தது நான்தான்" என்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். ஸ்டேஷன் பக்கம் ஒரு மீன்காரம்மா, "இன்னா கண்ணு செஞ்ச?" என்று நின்று விசாரிக்கிற அளவுக்கு நன்றாகவே வந்தது. பிரஸ்ஸுக்குள் போனதும் போய்விட்டது. முதலாளி இன்னும் வரவில்லை. பௌதிக ஐயா மட்டும் மேஜையில் உட்கார்ந்து அடுத்த பாடத்தின் புரூஃபை, பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் நின்றேன். "என்னம்மா?" என்றார். நாக்கு ஒட்டிக்கொண்டது.

வேறு வழியில்லாமல் கையால் சொன்னேன். கேஸிலிருந்து ஒரு ஒன்று, ஒரு மூன்று, ஒரு புள்ளி, தலைகீழாக ஓர் ஒன்பது எடுத்தேன். நான்கையும் சேர்த்துப் பிடித்து, விரலால் மையைத் தடவி, அவர் முன்னால் இருந்த தாளில் அழுத்தினேன். 13.6. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு அந்த ஒன்பதை மட்டும் உருவி, பள்ளத்தைக் காட்டி, நேராகத் திருப்பி வைத்து மறுபடி அழுத்தினேன். 13.9. அப்புறம் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். நான் என்று அர்த்தம். அவர் பதறி எழுந்து, "நெஞ்சு வலியா? யாரங்கே, இந்தப் பெண்ணுக்கு நெஞ்சு வலி!" என்று கூப்பாடு போட்டார். மிஷின்மேன் ஓடிப்போய் சோடா வாங்கி வந்தார். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அரை சோடாவைக் குடித்தேன். அந்த சோடாவின் காற்றுதானோ என்னவோ, ஏப்பத்தோடு வார்த்தையும் வெளியே வந்துவிட்டது. "நான்தான் திருப்பினேன். மாமா இல்லை. தலைகீழா இருக்குதுன்னு நினைச்சு நேராக்கிட்டேன்." மிஷின்மேன், "அய்யோ, பேசுது!" என்றார்.

பௌதிக ஐயா அந்த இரண்டு அச்சையும் ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கணக்குக்காரர்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டால் கோபம் போய்விடும் போலிருக்கிறது. "எத்தனை எழுத்து?" என்றார். "ஏழு." "ஏழுதானா? நிச்சயமாகவா? அப்படியானால் மற்றதையெல்லாம் சரிபார்த்துவிடுவோம். உனக்குக் கழிக்கத் தெரியுமா?" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன்.

அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் முதுகில் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் படிக்கும் முதல் படிக்கும் நடுவே 10.2. சரி. மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே 1.89. சரி. நான்குக்கும் மூன்றுக்கும் நடுவே 0.66. அச்சில் 0.99 என்று இருந்ததை அடித்தோம். கழிப்பதோடு நிறுத்தாமல் நான் கூட்டியும் பார்த்தேன். அது என் சொந்தப் புத்தி. அடிவயிற்றிலிருந்து மேலே ஒரேயடியாகத் தூக்கினாலும், நடுவில் ஒரு தளத்தில் இறக்கி வைத்துத் தூக்கினாலும், மூட்டை ஏறின உயரம் ஒன்றுதானே? 10.2-ஐயும் 1.89-ஐயும் கூட்டினால் 12.09. மூன்றாம் படியிலிருந்து முதல் படிக்கு அவர் போட்டிருந்ததும் 12.09. வெல்லக்கட்டி மாதிரி சேர்ந்தது. எனக்கே உற்சாகமாகிவிட்டது. அடுத்தது நான்காம் படி. 1.89-ஓடு 0.66 சேர்த்தால் 2.55. அதோடு 10.2. பன்னிரண்டு புள்ளி ஏழு ஐந்து. அச்சில் 12.57 என்று இருந்தது.

"ஐயா, இது வரலை."

"ஆறையும் ஒன்பதையும் மட்டும் பாரம்மா. இதில் இரண்டும் இல்லையே."

"இல்லைதான். ஆனா வரலை."

அவர் பென்சிலை எடுத்து ஒரு தரம் கழித்தார். இன்னொரு தரம் கழித்தார். பிறகு காப்பிக் கட்டை இழுத்து, தான் எழுதிக் கொடுத்த பக்கத்தைப் புரட்டினார். நீல மையில், அவருடைய முத்து முத்தான கையெழுத்தில், 12.57. அதையேதான் மூன்று புரூஃபிலும் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். வெளியே மின்சார ரயில் போய் மேஜை ஆடி நின்றது. அப்புறம், "அன்றைக்கு உன் மாமா விரல் வைத்தாரே, அது இந்த எண்ணின் மேலா?" என்று கேட்டார்.

மாமா அதற்குள் வந்துவிட்டிருந்தார். எழுத்துக் கோக்கிற தன் ஸ்டிக்கையும் இடுக்கியையும் வேட்டித் துணியில் மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் தலையைத் தூக்காமலே, "ஆமா சாமி. பின்னாடி விடை போட்ட பக்கத்துல ஏழு அஞ்சு, முன்னாடி அஞ்சு ஏழு. எனுக்கு கணக்கு இன்னா தெரியும்? ரெண்டு மூஞ்சி வேற மாதிரி கீதேன்னு கேக்க வந்தேன். அடுக்கறது என் வேலன்னு சொன்னீங்க. அடுக்கிட்டேன்" என்றார். சொல்லி முடித்துவிட்டு என் விரலில் இருந்த மையையும் மேஜையில் இருந்த சோடாவையும் பார்த்தார். "இன்னா பாப்பா, பேசிட்டியா?" என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபமா, சந்தோஷமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

முதலாளி வந்ததும் பௌதிக ஐயா எழுந்து நின்று, வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசினார். "இதில் இருவகைப் பிழை உள்ளது. ஒன்று, இந்தப் பெண் மிகக் கவனமாக வேலை செய்ததால் வந்தது. மற்றது, நான் கவனமில்லாமல் எழுதியதால் வந்தது. கம்பாசிட்டர் இரண்டாவதைக் கண்டுபிடித்தார், நான் வாயை அடைத்தேன். பிழை செய்தவரை வேலையை விட்டு நீக்குவதானால் என்னைத்தான் நீக்க வேண்டும்." முதலாளி தலையைச் சொறிந்தார். "உங்கள எப்படி நீக்க? நீங்க இங்க வேலையே பாக்கலையே" என்றார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, "ஆறு இல்லன்னா வாயத் தொறந்து சொன்னா என்னவே? ஊருக்கெல்லாம் பேசுதீரு, ஒரு ஆறுக்குப் பேச முடியலையா?" என்று ஒரு பாட்டம் திட்டினார். திட்டிக்கொண்டே மாமாவின் துணிமூட்டையைப் பிடுங்கி எழுத்துக் கேஸ் மேல் வைத்தார். திருநெல்வேலிக்காரர்கள் போகாதே என்பதை அப்படித்தான் சொல்வார்கள் போல.

ஐந்நூறு தாளையும் தூக்கிப்போட முடியாது. அதனால் பிழை திருத்தம் என்று சின்னத் துண்டுச் சீட்டு அடித்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டுவது என்று முடிவானது. கடைசி வரியாக, "12.57 என்பது ஆசிரியரின் பிழை" என்று போடச் சொன்னார் பௌதிக ஐயா. அப்படி யாரும் போடுவதில்லை என்று முதலாளி எவ்வளவோ சொன்னார். அவர் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சீட்டுக்கு ஏழு ஆறுகள் வேண்டும், இருந்த ஆறெல்லாம் அடுத்த பாடத்துக்குள் மாட்டியிருந்தன. எழுத்து வார்க்கிற பவுண்டரியிலிருந்து புது ஆறு வர ஒரு வாரம் ஆகும். மாமா முதலாளியைப் பார்த்தார், முதலாளி பௌதிக ஐயாவைப் பார்த்தார், பௌதிக ஐயா மேலே கூரையைப் பார்த்தார். மாமா மறுபடியும் ஏழு ஒன்பதைத் தலைகீழாக நட்டார். கட்டுவதற்கு என்னிடம் கொடுக்கும்போது, "கண்ண மூடிகினு கட்டு தாயி" என்றார். பிரஸ்ஸே சிரித்தது. நானும் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் கட்டினேன். அடித்து முடிகிற வரை மூன்று ஆண்கள் அதைச் சுற்றிக் காவல் நின்றார்கள்.

மாமா அதற்கப்புறம் கை நடுங்குகிற வரை அங்கேயே வேலை பார்த்தார். பிரஸ்ஸில் எல்லாருக்கும் நடந்தது தெரியும். தெரியாத ஒரே ஆள் அக்காதான். வேலை நிலைத்தது, அவ்வளவுதான் மாமா வீட்டில் சொன்னது. அதனால் அக்கா கடைசி வரை அவரை விடவில்லை. மீன் வாங்கி வந்தால், "ஆறு கேட்டேன், ஒம்போது வாங்கியாந்தியா?" என்பாள். பேரப்பிள்ளைகளின் கணக்கு நோட்டை அவர் கையில் எடுத்தால், "அவர்கிட்ட காட்டாதீங்கடா, பாசாவ மாட்டீங்க" என்பாள். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில்கூட இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். எவ்வளவு பேச்சு பேசுகிற மனுஷன், ஒரு தடவைகூட, ஏய், அது உன் தங்கச்சி செய்ததுடி என்று சொன்னதில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்ததுகூட இல்லை. நானும் சொல்லவில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு வாத்தியார் முன்னால் திறந்த வாய், கூடப் பிறந்தவள் முன்னால் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், திருநாள் முடிந்து சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, மாமா போனார். பத்து வருஷத்தில் அக்காவும் போய்விட்டாள். போகிறபோதும் அவள் கணக்கில், மாமாவுக்கு ஆறும் ஒன்பதும் தெரியாதுதான்.

இப்போது எழுத்துகளுக்கு உடம்பே இல்லையாம். தட்டினால் கண்ணாடியில் வந்து நிற்கிறது. பள்ளமும் இல்லை, தடவிப் பார்க்கக் கட்டைவிரலும் வேண்டாம். நான் இதில் எழுதியிருக்கிற எண்களெல்லாம் நினைவிலிருந்து எழுதினவை. சரியா என்று கேட்க எனக்கு இனி யாரும் இல்லை. பௌதிகம் படித்த பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்தால், தயவுசெய்து ஒரு தரம் கழித்துப் பாருங்கள். கழித்ததோடு விடாமல் கூட்டியும் பாருங்கள். எங்கேயாவது வரவில்லை என்றால் இதை அச்சுக்குத் தட்டினவரைத் திட்ட வேண்டாம். அவர் காப்பியில் இருந்தபடிதான் செய்திருப்பார். தப்பு என்னுடையது.